காணாமற்போன சேனல்கள்

பத்தாம் வகுப்பு மாணவி

தொலைக்காட்சியைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதுவதென்றால் "தொலைக்காட்சியின் நன்மை தீமைகள்" என்று எழுதுவதே வழக்கம். பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்ததில் அந்தத் தலைப்பில் மட்டும் மூன்று கட்டுரைகள் கிடைத்தன. ஆகவே நன்மை தீமைகளை அவற்றிடமே விட்டுவிட்டு, தொலைக்காட்சி தெரியாமலே போனால் என்ன செய்வது என்பதை எழுத முன்வந்தோம். செட்டாப் பாக்ஸில் மறுபடியும் ஸ்கேன் செய்தவுடன் நேற்றுவரை வந்த சேனல்கள் மறைந்துபோவது ஏன், அவற்றைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதே எங்கள் பாடம். இதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. ஓர் ஆயாவின் வீட்டில், அவரிடம் மிச்சமிருந்த சேனல்களையும் அழித்துவிட்டுக் கற்றுக்கொண்டோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய ஊர், அமிர்தியைக் கடந்து ஜவ்வாது மலை ஏறும் வழியிலுள்ள ஒரு சிற்றூர். தாய் தந்தையர் கருநாடகத்துக் காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஊரில் இருப்பவர் அம்மாவைப் பெற்ற ஆயா மட்டுமே. அந்த ஊருக்குக் கேபிள் வந்ததில்லை. கைப்பேசியில் பேச வேண்டுமானால் ஊர் எல்லையிலுள்ள புளியமரத்தடிக்கு நடக்க வேண்டும். இரவில் ஆயாவுக்குப் பேச்சுத் துணை, மாதக் கட்டணம் இல்லாமல் வரும் டி.டி. ஃப்ரீ டிஷ் தொலைக்காட்சிதான். ஏழு மணிச் செய்தி அவருக்கு விளக்கேற்றுவதைப் போல.

கார்த்திகை மழையில் ஒருநாள் மாலை, பக்கத்து வீட்டுச் சிறுவன் ரிமோட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் ஏதோ கேள்வி வந்தது. அவன் "ஓகே" பொத்தானை அழுத்தினான். சிவப்புக் கோடு ஒன்று மெல்ல ஓடி முடிந்தது. அதன்பின் எண்பதுக்கு மேல் இருந்த சேனல்களில் முப்பத்தொன்றுதான் மிச்சம். அவற்றில் பெரும்பாலானவை இந்தி. செய்தி வரும் டி.டி. தமிழைக் காணோம். (2024 ஜனவரி வரை பொதிகை என்று பெயர் பெற்றிருந்ததே, அதே சேனல். ஆயா இன்றும் பொதிகை என்றே சொல்கிறார்.)

மலையடிவாரத்துக் கடையொன்றில் கேட்டபோது, "பாக்ஸ் போயிருச்சு, புதுசு வாங்கணும், ஆயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்களாம். ஆயாவிடம் பணம் இருந்தது. சாமை விற்ற பணம். ஆனால் அது எங்கள் தோழியைப் பதினோராம் வகுப்பில் சேர்ப்பதற்கென்று முடிந்து வைத்த பணம். புளியமரத்தடியிலிருந்து ஆயா இதைச் சொன்னதும் தோழிக்கு அழுகை வந்துவிட்டது. "அரையாண்டு விடுமுறை வரைக்கும் பொறு ஆயா, நாங்க வந்து பார்க்கிறோம்" என்று அவள் கெஞ்சினாள். "நாங்க" என்று எங்களைக் கேட்காமலே சேர்த்துக்கொண்டாள் என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறோம்.

கதையை இங்கே நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

சேனல்கள் பெட்டிக்குள் இல்லை. பெட்டிக்குள் இருப்பது ஒரு பட்டியல். இன்ன பெயருடைய சேனல், இன்ன அதிர்வெண்ணில் வரும் அலையில், இன்ன இடத்தில் இருக்கிறது என்னும் முகவரிப் பட்டியல். ரிமோட்டில் ஓர் எண்ணை அழுத்தும்போது பெட்டி அந்தப் பட்டியலைப் பார்த்து, அந்த அலைக்குப் போய், அந்தச் சேனலைப் பிரித்தெடுத்துக் காட்டுகிறது.

பழைய அனலாக் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய காலத்தில், ஓர் அலையில் ஒரே ஒரு சேனல்தான் வந்தது. திருகைத் திருப்பினால் அது கிடைக்கும். இன்றைய டிஜிட்டல் முறையில் படமும் ஒலியும் எண்களாக மாற்றிச் சுருக்கப்படுவதால், ஒரே அலையில் பத்துக்கு மேற்பட்ட சேனல்கள் நெருக்கிக்கொண்டு வருகின்றன. திங்கட்கிழமை காலையில் வேலூருக்குப் போகும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அலை என்பது பேருந்து. சேனல்கள் அதில் ஏறிவரும் பயணிகள். பேருந்து வராவிட்டால் அதிலுள்ள அத்தனை பேரும் வரமாட்டார்கள். ஒருவர் மட்டும் வரவில்லையென்றால் பேருந்தின்மேல் குற்றமில்லை. அவர் வேறு பேருந்தில் ஏறியிருப்பார், அல்லது ஊரைவிட்டே போயிருப்பார்.

இது நினைவில் இருக்கட்டும். சேனல்கள் கூட்டமாகப் போய்விட்டனவா, தனியாக ஒன்று மட்டும் போயிற்றா என்பதே எதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. கூட்டமாகப் போயிருந்தால் சிக்னலில் குறை. ஒன்றிரண்டு மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் நம் வீட்டில் குறையில்லை.

இனி ஸ்கேன் என்பது என்ன? பெட்டி ஒவ்வோர் அலையாகத் தேடிப்போய், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பட்டியலைப் புதிதாக எழுதுகிறது. அலைகளோடு கூடவே, "மற்ற அலைகள் இன்ன இன்ன இடங்களில் இருக்கின்றன" என்று கூறும் கால அட்டவணை போன்ற குறிப்பும் வருவதால், பல பெட்டிகள் அதைப் பார்த்தே வழி கண்டுபிடித்துக்கொள்கின்றன. புதிய பட்டியலை எழுதும்போது பெரும்பாலான பெட்டிகள் பழைய பட்டியலை அழித்துவிடும். தொல்லை தொடங்குவது இங்கேதான்.

கடும் மழை நாளில் எங்கள் வகுப்பாசிரியை வருகைப்பதிவு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலையூர்ப் பேருந்து வரவில்லை. அன்று வராத மாணவியரின் பெயர்களுக்கு நேரே "வரவில்லை" என்று குறிப்பதற்குப் பதிலாக, அவர்களின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்தே அடித்துவிட்டால் எப்படி இருக்கும்? மறுநாள் அவர்கள் வந்து வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் பெயர் கூப்பிட மாட்டார்கள். செட்டாப் பாக்ஸ் செய்வது அதைத்தான். ஸ்கேன் செய்யும் அந்தச் சில நிமிடங்களில் யாருடைய அலை வந்து சேரவில்லையோ, அவர்களுக்குப் பட்டியலில் இடமில்லை. பிறகு மழை விட்டு அலை நன்றாக வந்தாலும் பெட்டி அதைத் தேடிப்போகாது. சேனல் வானத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். பெட்டிக்கு அதன் முகவரி தெரியாது. ஆயாவின் வீட்டில் நடந்தது இதுவே.

இவ்வளவும் இப்போது தெரிகிறது. மலையேறியபோது தெரியாது.

விடுதி சிஸ்டரிடம் அனுமதி பெற்று, எங்களில் ஒருத்தியின் அம்மா துணைவர, நால்வர் போனோம். போய்ச் சேரும்போது மாலை நான்கரை மணி. தூறிக்கொண்டிருந்தது. ஆயா கேழ்வரகுக் களி கிண்டி வைத்திருந்தார். எங்களுக்குச் சாப்பிடக்கூடப் பொறுமையில்லை. எங்களில் ஒருத்தியின் அண்ணன் பாலிடெக்னிக்கில் படிக்கிறார்; "சேனல் போச்சுன்னா ரீஸ்கேன் பண்ணு, வந்துரும்" என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். ரிமோட்டை எடுத்தோம். ஸ்கேன் செய்தோம். முப்பத்தொன்று பன்னிரண்டாயிற்று. எங்கோ தவறு என்று இன்னொரு முறை செய்தோம். அப்போது மழை வலுத்திருந்தது. திரையில் "சேனல் இல்லை" என்று வந்தது. ஒன்றுகூட இல்லை.

எங்களில் இன்னொருத்தி "பேக்டரி ரீசெட்" என்பதையும் அழுத்திவிட்டாள். அவள் யார் என்று எழுதக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

ஆயா திட்டவில்லை. "பரவால்ல கண்ணுங்களா, அது பாட்டுக்கு இருக்கட்டும், சாப்பிடுங்க" என்றார். அதைக் கேட்டபின் களி தொண்டையில் இறங்க மறுத்தது. ஏழு மணிக்கு அவர் தம்மையறியாமல் ரிமோட்டைத் தேடி எடுத்து, பிறகு நினைவு வந்தவராய்த் தலையணைக்கு அருகில் வைத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அன்றிரவு புளியமரத்தடிக்குப் போய் எங்கள் அறிவியல் ஆசிரியையைக் கூப்பிட்டோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "சிக்னல் குவாலிட்டி எவ்வளவு இருந்துச்சு?" என்பது. பார்க்கவில்லை என்றோம். "தராசைப் பார்க்காம எடை போட்டீங்களா?" என்று சிரித்தார். மழை நிற்கும் வரையில் ரிமோட்டைத் தொடக் கூடாது என்று கட்டளை.

மழைக்கும் அலைக்கும் என்ன பகை? செயற்கைக்கோளிலிருந்து ஃப்ரீ டிஷ்ஷுக்கு வரும் அலைகள் ஏறத்தாழ 11 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டவை. ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் அலைநீளம் 2.7 சென்டிமீட்டர் வருகிறது. (ஒன்பதாம் வகுப்பு வாய்பாடுதான், போட்டுப் பாருங்கள்.) இவ்வளவு குறுகிய அலையை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் மெலியச் செய்கின்றன. வானொலியின் மத்திய அலை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுடையது. அதற்கு மழை ஒரு பொருட்டல்ல. செயற்கைக்கோளோ பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும்போதே மிக மெலிந்து வரும் அலைக்குக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் மழைத்திரை போதும், தடுமாறுவதற்கு. எல்லா அலைகளும் ஒரே அளவில் மெலிவதில்லை. வலுவானவை தப்பிக்கும், நலிந்தவை மறையும். அதனால்தான் முதல்நாள் முப்பத்தொன்றாவது தப்பின.

மறுநாள் காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தோம். அங்கே இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்று சிக்னலின் வலிமை, மற்றொன்று சிக்னலின் தரம். வலிமை 80-க்கு மேல் காட்டியது. தரம் 20-ஐத் தாண்டவில்லை. இதில் பலரும் ஏமாந்துபோகிறார்கள் என்று ஆசிரியை எச்சரித்திருந்தார். டிஷ்ஷின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் குமிழுக்கு எல்.என்.பி. என்று பெயர். அதற்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்து, கம்பியும் அறுபடாமல் இருந்தால், வலிமைப் பட்டை உயர்ந்தே நிற்கும். டிஷ் வெறும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் நிற்கும். சந்தைக்கடை இரைச்சல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைச் சொல்வது வலிமை. அந்த இரைச்சலில் நம் அம்மா கூப்பிடும் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதைச் சொல்வது தரம். நாம் பார்க்க வேண்டியது தரத்தையே.

பிறகு கூரைக்குப் பக்கவாட்டில் சென்று டிஷ்ஷைப் பார்த்தோம். அப்போதுதான் உண்மை விளங்கிற்று. ஆயா துணி காயவைக்கும் கொடிக்கயிற்றின் ஒரு முனை பலா மரத்திலும், மறு முனை டிஷ்ஷின் கையிலும் கட்டப்பட்டிருந்தது! நனைந்த புடவைகள் மழையில் நாள்கணக்காகத் தொங்கி, டிஷ்ஷை மெல்ல மெல்ல மேற்கே இழுத்திருக்கின்றன. நல்ல வெயிலில் அந்தக் கோணல் தெரியவில்லை. குறைந்த தரத்திலும் பெட்டி எப்படியோ சமாளித்துக் காட்டியிருக்கிறது. அத்தோடு மழையும் சேர்ந்த நாளில், அந்தச் சிறுவன் "ஓகே"யை அழுத்தியிருக்கிறான். பாவம், ஊர் முழுவதும் அவனைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தது.

சிறு கோணல் இவ்வளவு செய்யுமா என்று எங்களுக்கும் ஐயம் வந்தது. வீட்டு டிஷ் அறுபது சென்டிமீட்டர் அகலமுடையது. 2.7 சென்டிமீட்டர் அலைக்கு அதன் பார்வை ஏறத்தாழ மூன்று பாகை அகலந்தான். கையை நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்துங்கள். அந்த விரல் வானத்தில் மறைக்கும் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. இரண்டு விரல் அகலம் விலகினாலே சிக்னல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

டிஷ் எங்கே பார்க்க வேண்டும்? ஆயாவின் டிஷ் நோக்குவது ஜிசாட்-15 செயற்கைக்கோளை. அது 2015 நவம்பர் 11 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் ஏவப்பட்டது. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், பூமியோடு சேர்ந்தே சுழன்று நிற்கிறது. கண்ணமங்கலம் கிழக்குத் தீர்க்கரேகை 79 பாகையில், பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருக்கிறது. ஆகவே நம் பகுதியிலிருந்து பார்த்தால் செயற்கைக்கோள் தென்கிழக்கில், தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 67 பாகை உயரத்தில், அதாவது நன்றாக அண்ணாந்து பார்க்கும் இடத்தில் இருக்கிறது. (டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு அண்ணாந்திருப்பதாகத் தோன்றாது. குமிழ் நடுவில் இல்லாமல் கீழே தள்ளி வைக்கப்பட்ட சாய்வுத் தட்டு அது. கண்ணுக்குக் காட்டும் திசை வேறு, உண்மையில் பார்க்கும் திசை வேறு.) நம் ஊருக்கு மேற்கே நிற்கும் மலையால் சிக்னல் தடைப்படுகிறது என்று சிலர் சொல்வதுண்டு. அலை வருவது தென்கிழக்கிலிருந்து. மேற்கே இருக்கும் மலை அதை எப்படித் தடுக்கும்? மலைக்குள் இருக்கும் ஊர்களில் வேண்டுமானால் தென்கிழக்கு முகட்டையோ மரக்கிளையையோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

கயிற்றை அவிழ்த்தோம். கூரைமேல் ஏறப் பக்கத்து வீட்டு மாமா முன்வந்தார். எங்களை ஏறவிட ஆயா ஒப்பவில்லை. மாமா மேலே, எங்களில் ஒருத்தி வாசலில், ஒருத்தி திண்ணையில், ஒருத்தி திரைக்கு முன்னால். மாமா டிஷ்ஷை நூலளவு அசைப்பார். திரைக்கு முன்னால் இருப்பவள் எண்ணைச் சொல்வாள். அது அஞ்சல் போல வாசலுக்குப் போய்க் கூரைக்கு ஏறும். "இருபத்திரண்டு… இருபத்தாறு… இருங்க மாமா, நாற்பது… ஐயோ, போச்சு!" ஒவ்வொரு அசைவுக்கும் பின் மூன்று நான்கு நொடிகள் காத்திருக்க வேண்டும் என்பதை அரைமணி நேரம் கழித்தே கண்டுபிடித்தோம். பெட்டி கணக்கிட்டுச் சொல்லும் எண் சற்றுத் தாமதமாக வருகிறது. அதற்குள் மாமா சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார். பொறுமையாகச் செய்தபின் 64-இல் நின்றது. திருகாணிகளை இறுக்கினோம்.

குமிழில் கம்பி சேருமிடத்தைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே தண்ணீர். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, துணியால் ஒற்றி, கம்பியின் நுனியைப் புதிதாகச் சீவி மாட்டி, மேலே பிளாஸ்டிக் உறை கட்டினோம். 72 ஆயிற்று.

இனி ஸ்கேன் செய்யலாம் என்று கை துறுதுறுத்தது. ஆனால் முதல்நாள் அழுத்திய "பேக்டரி ரீசெட்" இருக்கிறதே! பட்டியலை மட்டுமன்றி, பெட்டியின் அமைப்புகளையும் அது பழையபடி, அதாவது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடி மாற்றிவிடும். தமிழ் மொழி ஆங்கிலமானது போகட்டும். எந்தச் செயற்கைக்கோள், எந்த வகைக் குமிழ் என்பவையும் மாறியிருக்கக்கூடும். காலையில் தரத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவற்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

குமிழின் வேலை, உயர்ந்த அதிர்வெண்ணைக் கம்பியில் செல்லக்கூடிய அளவுக்குக் குறைப்பது. நம் குமிழில் 9750, 10600 என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். வானத்திலிருந்து 11000 மெகாஹெர்ட்ஸ் அலை வருகிறது என்று கொள்வோம். அதில் 9750-ஐக் கழித்தால் 1250. பெட்டி வாங்கிக்கொள்வது 950 முதல் 2150 வரையிலான எண்களை. எனவே 1250 சரி. அமைப்பில் 10600 என்று மட்டும் மாறியிருந்தால், பெட்டி 11000-இலிருந்து 10600-ஐக் கழித்து, 400-இல் தேட வேண்டும் என்று எண்ணும். 400 அதன் எல்லைக்குள்ளேயே இல்லை. டிஷ் சரி, வானம் சரி, ஆனால் ஒரு சேனலும் வராது. ஒரு கழித்தல் கணக்கு தவறியதால் வீடே இருண்டுவிடும்! ஆகவே ஸ்கேனும் ரீசெட்டும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். என்ன எழுதியிருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் ரீசெட்டை அழுத்துவது, விலாசம் எழுதிய தாளைக் கிழித்துவிட்டு ஊருக்குப் புறப்படுவது.

எல்லாவற்றையும் பார்த்தபின் ஸ்கேன் செய்தோம். சிவப்புக் கோடு ஓடியது. எண்ணிக்கை பத்து, இருபது, ஐம்பது என்று ஏறி எண்பதைத் தாண்டியதும் எங்களில் ஒருத்தி கைதட்டினாள். டி.டி. தமிழ் வந்தது. ஆயா முன்பு அதைப் பார்த்த எண் வேறு, இப்போது வந்து உட்கார்ந்த எண் வேறு. இதையும் கவனியுங்கள்: ஸ்கேனுக்குப் பின் ஒரு சேனலைக் காணோம் என்று வருந்துவோரில் பலருக்கு, சேனல் வேறு எண்ணில் இருந்துகொண்டிருக்கும். பட்டியலைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒருமுறை பார்த்துவிட்ட பிறகு வருந்தலாம்.

ஆனாலும் ஆயா விரும்பிய படச் சேனல் ஒன்று வரவில்லை. எவ்வளவு தேடியும் இல்லை. மற்றவை எல்லாம் இருக்க அது மட்டும் இல்லை. பேருந்துக் கணக்கை நினைவுகூருங்கள். ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் எடுத்து வருகின்றன. அடுத்த முறை ஏலம் எடுக்காவிட்டால் இறங்கிவிடுகின்றன. அப்படி இறங்கிய சேனலை எந்த ஸ்கேனாலும் கொண்டுவர முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கடைக்காரருக்கு நியாயம் செய்ய அதை எழுதியே ஆகவேண்டும். 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்னும் பெயரில் 33 சேனல்களோடு இந்தச் சேவை தொடங்கியபோது படத்தைச் சுருக்குவதற்கு எம்பெக்-2 என்னும் முறை இருந்தது. பின்னர், இன்னும் இறுக்கமாகச் சுருக்கும் எம்பெக்-4 முறையிலும் சேனல்கள் வரத் தொடங்கின. ஆயாவுடையதைப் போன்ற பழைய பெட்டிக்கு எம்பெக்-2 மட்டுமே புரியும். எம்பெக்-4 சேனல் வந்து நின்றாலும், அறியாத மொழியில் பேசுபவரைப் போல அது பெட்டிக்கு விளங்காது. அவற்றைப் பார்க்க விரும்பினால் புதிய பெட்டிதான் வழி. ஆகவே கடைக்காரர் சொன்னது முழுப்பொய் அல்ல. "உங்களுக்கு எந்தச் சேனல் வேணும்?" என்று ஆயாவைக் கேட்காமல் சொன்னதுதான் குறை. ஆயாவுக்கு வேண்டியது செய்தியும், அதற்கு முன் வரும் பாட்டும். அவை பழைய பெட்டியிலேயே வருகின்றன.

ஊருக்குள் கேபிள் வைத்திருப்பவர்களுக்கும் சில சொற்கள். 1995-ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் 2011-இல் திருத்தப்பட்டு, நாடு முழுவதும் கட்டம் கட்டமாக டிஜிட்டல் முறை வந்தது. சிற்றூர்களுக்குக் கடைசி நாள் 2017 மார்ச் 31. தமிழ்நாட்டில் அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ்களும் அந்த ஆண்டில்தான் வழங்கப்படலாயின. கேபிளில் டிஷ் இல்லை, மழைத் தொல்லையும் குறைவு. ஆனால் அங்கே வேறொரு பூட்டு உண்டு. 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறைப்படி, கட்டணச் சேனல்களை நாமே தேர்ந்தெடுத்துப் பணம் கட்ட வேண்டும். ஆகவே திரையில் வரும் சொற்களை நிதானமாகப் படியுங்கள். "சிக்னல் இல்லை" என்றால் கம்பியைப் பாருங்கள். "சந்தா இல்லை" என்னும் பொருள்பட வந்தால் கம்பியை ஆட்டியும் பயனில்லை, ஸ்கேன் செய்தும் பயனில்லை. கேபிள்காரரைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருத்தியின் வீட்டில் இது தெரியாமல் ஒரே நாளில் ஆறுமுறை ஸ்கேன் செய்தார்களாம். ஸ்கேனுக்குத் தொடக்க அதிர்வெண் கேட்கும் பெட்டியானால், அந்த எண்ணையும் கேபிள்காரரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கு அரசு கேபிளில் 200 என்னும் எண் தரப்பட்டது. 2020 ஜூலையில் பள்ளிகள் மூடியிருந்தபோது பாடங்கள் அதில்தான் வந்தன. அந்நாளில் யார் வீட்டிலாவது தவறாக ஸ்கேன் செய்து 200 காணாமற் போயிருந்தால், அவள் பள்ளிக்கூடமே அல்லவா காணாமற் போயிருக்கும்!

இந்தத் துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் அலைகளை இடம் மாற்றியபோது, 2009 செப்டம்பர் 30 அன்று நாடு முழுவதும் கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் ஒரே நாளில் மறுஸ்கேன் செய்ய நேர்ந்தது. சேனல்களைக் காணோம் என்று அங்கேயும் மக்கள் தவித்தார்கள். சில வேளைகளில் குறை வானத்திலேயே இருக்கும். 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி செயற்கைக்கோளில் சூரிய மின்தகட்டிலிருந்து மின்சாரம் வருவதில் கோளாறு ஏற்பட்டு, அதன் 24 அலைபரப்பிகளில் பாதி நின்றுபோயின. தமிழ்நாட்டு வீடுகளில் பல சேனல்கள் மறைந்தன. அப்படிப்பட்ட நாளில் கூரையேறிப் பயனில்லை. பக்கத்து வீட்டிலும் வருகிறதா என்று கேட்பதே நல்ல பரிசோதனை.

வானம் தெளிவாக இருந்தும் சிக்னல் போகும் ஒரு வேளையும் உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாள்கள், நம் பகுதியிலிருந்து பார்க்கும்போது, முற்பகல் பதினொரு மணி அளவில் சூரியன் நேரே ஜிசாட்-15-க்குப் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனும் எல்லா அலைகளையும் இரைந்து வீசும் பொருள்தானே! அந்த இரைச்சலில் செயற்கைக்கோளின் குரல் சில நிமிடங்கள் அமுங்கிவிடும். தானாகவே சரியாகிவிடும். ஆனால் பதற்றப்பட்டு அந்த நேரத்தில் ஸ்கேன் செய்தீர்களோ, மழையில் நாங்கள் செய்த கதைதான்.

புறப்படும் முன் ஆயாவின் கொடிக்கயிற்றின் மறு முனையைப் பாக்கு மரத்தில் கட்டினோம். பெட்டியின் அமைப்புப் பக்கத்திலிருந்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தொலைக்காட்சிக்குப் பின்புறம் ஒட்டினோம். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். தரப் பட்டையைத் திறக்க ரிமோட்டில் எந்தெந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று மூன்று முறை செய்யவைத்தோம். நான்காம் முறை அவரே செய்தார். சிறுவனை அழைத்து, தவறு அவனுடையதல்ல, கொடிக்கயிற்றினுடையது என்று எல்லோர் முன்னிலையிலும் மாமா சொன்னார். அவன் ரிமோட்டைத் தொட இன்னமும் பயப்படுகிறானாம்.

சாமைப் பணம் முடிச்சில் இருக்கிறது. ஞாயிறுதோறும் ஆயா புளியமரத்தடியிலிருந்து விடுதிக்குப் பேசுகிறார். நலம் விசாரித்தபின் எங்கள் தோழியிடம் தவறாமல் ஓர் எண்ணைச் சொல்கிறார். போன வாரம், "கண்ணு, எழுபது இருக்குது, மழ வர்ற மாதிரி இருக்குது, அதனால நான் ஒண்ணும் தொடல" என்றாராம்.